கடை சர்வரோடு பில்லிங் கனெக்ட் ஆகவில்லையா? பிழை எண்ணைப் பார்த்துப் பிடிக்கும் வழி

காலை எட்டேகால். கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற நேரம். போன் அடிக்கிறது. "தம்பி, பில்லு வரல. லைன்ல ஆறு பேரு நிக்கிறாங்க." திரையில் என்ன வந்தது என்று கேட்டால், "என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்" என்கிறார் அண்ணாச்சி. நமக்கு வேண்டிய ஒரே துப்பு அந்த ஓகே-யோடு போய்விட்டது.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மளிகை மொத்தக் கடை, ஜவுளிக் கடை, அரிசி ஆலை என்று பில்லிங் மென்பொருள் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கே போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மாடியிலோ கல்லாவுக்குப் பின்னாலோ ஒரு சர்வர், கீழே மூன்று நான்கு கவுன்ட்டர், நடுவில் தூசி படிந்த ஒரு ரௌட்டர். சர்வரில் பெரும்பாலும் விண்டோஸ் மேல் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடும். சில இடங்களில் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், எப்போதாவது போஸ்ட்கிரெஸ்கியூஎல். இதே வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களையும், தன் கடை சிஸ்டத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

ஒரு புரோகிராம் டேட்டாபேஸைத் தொடுவதற்கு முன் ஐந்து படி ஏற வேண்டும். சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்ற வேண்டும். அந்த முகவரிக்கு நெட்வொர்க் வழியாகப் போய்ச் சேர வேண்டும். அங்கே போர்ட், அதாவது டேட்டாபேஸ் காத்திருக்கும் எண் போட்ட கதவு, திறந்திருக்க வேண்டும். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக, கேட்ட டேட்டாபேஸ் அங்கே இருக்க வேண்டும். பிழை எண் சொல்வது எந்தப் படியில் கால் இடறியது என்பதைத்தான். நாலாம் படியில் இடறியிருந்தால் முதல் மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று அதற்குள்ளேயே ஒரு நல்ல சேதியும் இருக்கிறது.

இதைக் கவனிக்காததால்தான் பாஸ்வேர்டு பிழைக்கு ஃபயர்வாலை அணைப்பதும், சர்வீஸ் நின்றதற்கு லேன் கேபிளை மாற்றுவதும், எதற்கும் இருக்கட்டும் என்று மொத்தத்தையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வதும் நடக்கிறது. கடைசியாகச் சொன்னதைச் செய்து ஒரு வருடக் கணக்கைத் தொலைத்தவர்கள் உண்டு.

அதனால் கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிழை வந்தால் ஓகே கொடுக்காமல் போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உங்களிடம் கேட்பதும் ஒன்றுதான். கவுன்ட்டரில் மல்லுக்கட்டாமல் முதலில் சர்வருக்குப் போய், அங்கேயே கனெக்ட் செய்து பாருங்கள். மைஎஸ்கியூஎல்லோடு வரும் கமாண்ட் லைன் கிளையன்ட் போதும். சர்வருக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்றால் ரௌட்டரும் கேபிளும் நிரபராதிகள். அங்கே நுழைய முடிந்து கவுன்ட்டரில் முடியவில்லை என்றால் கோளாறு வழியில் இருக்கிறது, அல்லது அனுமதியில் இருக்கிறது.

2003, அடைப்புக்குள் 10061

"கேன்ட் கனெக்ட் டு மைஎஸ்கியூஎல் சர்வர்" என்று தொடங்கும். கடைசியில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸில் இதுவே 111. மெஷின் இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று பொருள். மைஎஸ்கியூஎல்லுக்கு வழக்கமான போர்ட் 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 5432, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433.

சர்வரில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து மைஎஸ்கியூஎல்80 என்ற வரியைத் தேடுங்கள். ரன்னிங் என்று இல்லாவிட்டால் ஸ்டார்ட் கொடுங்கள். ஸ்டார்ட்டப் டைப் மேனுவல் என்று இருந்தால் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். பத்தில் ஆறு முறை கதை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கைக்கணக்கு.

ஸ்டார்ட் கொடுத்தும் ஸ்டார்ட்டிங் என்றே நின்றுகொண்டிருந்தால் அவசரப்படாதீர்கள். பராமரிப்பு மின்தடை அன்று யுபிஎஸ் பேட்டரி கைவிட்டு சர்வர் படக்கென்று அணைந்திருந்தால், மறுபடி எழும்போது மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி தன் ரீடூ லாகைப் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஃபைலை) படித்துப் பாதியில் நின்ற வேலைகளை ஒழுங்குபடுத்தும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் போய்க் கொல்வதும், பவர் பட்டனை அழுத்துவதும் காயத்தின் மேல் காயம்.

ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிட்டால் எர்ரர் லாகைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் மைஎஸ்கியூஎல், அதற்குள் பதிப்பு எண்ணோடு மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0 மாதிரி ஒன்று, அதற்குள் டேட்டா. அங்கே கம்ப்யூட்டரின் பெயரில், டாட் இஆர்ஆர் என்று முடியும் ஃபைல். கடைசி இருபது வரிகளில் எர்ரர் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மை டாட் ஐஎன்ஐ என்ற செட்டிங் ஃபைலில் யாரோ தட்டிய ஒரு தப்பான எழுத்தாக இருக்கலாம். டிஸ்க் நிரம்பியிருக்கலாம்.

டிஸ்க் நிரம்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. மைஎஸ்கியூஎல் 8.0-இல் பைனரி லாக் (டேட்டாவில் நடக்கும் மாற்றங்களின் பதிவு) தானாகவே இயங்கும், 30 நாள் லாகை வைத்திருக்கும். சின்ன எஸ்எஸ்டி போட்ட சர்வரில் இதுவும் தினசரி பேக்கப்பும் சேர்ந்து இடத்தை அடைத்துவிடும். இடம் வேண்டுமென்று அந்த லாக் ஃபைல்களை எக்ஸ்புளோரரில் தேர்ந்தெடுத்து டெலிட் அடிக்காதீர்கள். முதலில் பழைய பேக்கப்பை வெளி டிஸ்க்குக்கு நகர்த்தி சர்வீஸை எழுப்புங்கள். பிறகு பர்ஜ் பைனரி லாக்ஸ் என்ற கட்டளையால் குறையுங்கள். அதே ஃபோல்டரில் ஐபிடேட்டா1 என்று ஒரு ஃபைல் இருக்கும். எக்ஸாம்ப் (வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்து வரும் இலவசத் தொகுப்பு) நின்றுவிட்டால் அதை நீக்கினால் சரியாகும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள். அதை நீக்கினால் சர்வீஸ் எழுந்தாலும் எழும், உங்கள் டேபிள்கள் எழாது.

சர்வீஸ் ஓடுகிறது, ஆனாலும் 10061 வருகிறதா? அப்போது அது எந்தக் கதவில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஸ்டாட், ஒரு இடைவெளி, பிறகு கழித்தல் குறி போட்டு ஏஎன்ஓ. வரும் பட்டியலில் 3306 உள்ள வரியைத் தேடுங்கள். 0.0.0.0:3306 என்று இருந்தால் எல்லாப் பக்கமும் கேட்கிறது. 127.0.0.1:3306 என்று இருந்தால் தனக்குள்ளே மட்டும் கேட்கிறது. கவுன்ட்டர்களை அது கண்டுகொள்ளாது. உபுன்டுவில் இன்ஸ்டால் செய்தால் இரண்டாவதுதான் வழக்கம். பைண்ட்-அட்ரஸ் என்ற வரியை மாற்றி சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். 33060 என்று இன்னொரு வரியும் கண்ணில் படும். அது 8.0-இலிருந்து கூடவே வரும் எக்ஸ் புரோட்டோகாலின் கதவு, நமக்கு வேலையில்லாதது. அதைப் பார்த்துவிட்டு "போர்ட் மாறிப்போச்சு சார்" என்று ஒரு பையன் எல்லாக் கவுன்ட்டரிலும் செட்டிங்கை மாற்றி வைத்துவிட்டான், அதைத் திருப்பி மாற்ற ஒரு மத்தியானம் போனது.

ஒரே மெஷினில் எக்ஸாம்ப்பும் தனி மைஎஸ்கியூஎல்லும் இருந்தால் எது முந்துகிறதோ அது 3306-ஐப் பிடித்துக்கொள்ளும், மற்றது எழாது. நெட்ஸ்டாட்டின் கடைசிப் பத்தியில் வரும் பிஐடி எண்ணை டாஸ்க் மேனேஜரில் பொருத்திப் பார்த்தால் பிடித்தவர் யாரென்று தெரியும். எக்ஸாம்ப்புக்குள் இப்போது இருப்பது மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி என்பதும் நினைவிருக்கட்டும். பழைய டேட்டா ஃபோல்டரைத் தூக்கி இதில் போட்டால் வேலை செய்யாது.

2003, அடைப்புக்குள் 10060

இதில் உடனே மறுப்பு வராது. சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு கைவிரிக்கும். தட்டினோம், உள்ளேயிருந்து சத்தமே இல்லை என்ற நிலை. லினக்ஸில் 110.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வால், யாரும் கேட்காத போர்ட்டை வெளியிலிருந்து தட்டினால் "இல்லை" என்று கூடச் சொல்லாமல் ஊமையாக இருந்துவிடும். அதனால் சர்வரில் மைஎஸ்கியூஎல் வெறுமனே நின்றுபோயிருந்தாலும் கவுன்ட்டரில் 10061 வராமல் 10060 வரலாம். முதலில் சர்வருக்குப் போங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். கவுன்ட்டரில் 10060, சர்வரில் 10061 என்றால் ஃபயர்வாலை நோண்டாதீர்கள், மேலே சொன்ன பகுதிக்குப் போங்கள்.

சர்வரில் நன்றாக இருக்கிறது, கவுன்ட்டரில் மட்டும் 10060 என்றால் மூன்று பேர்தான் சந்தேகத்துக்குரியவர்கள்.

முதல் ஆள், மாறிப்போன ஐபி. கவுன்ட்டரில் 192.168.1.10 என்று எழுதி வைத்திருப்போம். மின்சாரம் போய் வந்ததும் ரௌட்டர் அந்த எண்ணை அண்ணாச்சி மகனின் போனுக்குக் கொடுத்துவிட்டு சர்வருக்கு 192.168.1.17 கொடுத்திருக்கும். கவுன்ட்டர் இப்போது ஒரு செல்போனிடம் சரக்கு இருப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது! சர்வரில் ஐபிகான்ஃபிக் அடித்து எண்ணைப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, ரௌட்டருக்குள் போய் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணுக்கு) ஒரு ஐபியை ஒதுக்கி வைப்பது. விண்டோஸில் நிலையான ஐபி கொடுப்பதும் வழிதான். ஆனால் ரௌட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாக எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஃபயர்வால். புது ரௌட்டர் மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து பப்ளிக் வகையில் போட்டுவிடும். நாம் பிரைவேட் வகைக்கு மட்டும் 3306-ஐத் திறந்து வைத்திருந்தால் கதை முடிந்தது. நெட்வொர்க் செட்டிங்கில் பிரைவேட் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது தீர்வில்லை. சோதனைக்காக ஒரு நிமிடம் அணைத்துப் பார்ப்பதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். மறுபடி போட மறப்பதுதான் குற்றம்.

கவுன்ட்டரிலிருந்து சோதிக்க பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன், அதன்பின் சர்வரின் ஐபி, பிறகு கழித்தல் போர்ட் 3306. கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. பிங்கை மட்டும் நம்பாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்லாமல் டேட்டாபேஸுக்கு மட்டும் வழி விடும் சர்வரும் உண்டு, பிங்குக்குப் பதில் சொல்லி போர்ட்டை அடைத்து வைத்திருப்பதும் உண்டு.

மூன்றாவது ஆள், தூக்கம். ஒத்தக்கடைப் பக்கம் ஓர் உரக்கடையில் மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் கனெக்‌ஷன் போகும், நான் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும். இரண்டு முறை பேய் பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் முறை மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரைக்கு வியாபாரம் அடங்கியது, கடைப் பையன்கள் சாப்பிடப் போனார்கள், சர்வரை யாரும் தொடவில்லை. அரை மணி நேரத்தில் அதன் விளக்கு மினுக்கத் தொடங்கியது. பவர் செட்டிங்கில் ஸ்லீப் 30 நிமிடம். யாராவது போய் மவுஸை அசைத்ததும் எழுந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். நெவர் என்று மாற்றினேன். சர்வராக வைக்கும் எந்த மெஷினிலும் நான் இப்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

1045, 1130: ஆள் யார் என்ற கேள்வி

1045 வந்தால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க், போர்ட், சர்வீஸ் மூன்றும் சரி. "ஆக்சஸ் டினைடு ஃபார் யூசர்" என்ற வரியில் யூசர் பெயருக்குப் பின் ஓர் அட் குறி, அதன்பின் ஓர் ஐபி, கடைசியில் யூசிங் பாஸ்வேர்டு: எஸ் அல்லது நோ. இந்த மூன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

நோ என்றால் நம் புரோகிராம் பாஸ்வேர்டே அனுப்பவில்லை. கான்ஃபிக் ஃபைலில் அந்த வரி காலியாக இருக்கும், அல்லது வேறு ஃபோல்டரில் கிடக்கும் பழைய கான்ஃபிக்கை அது படித்துக்கொண்டிருக்கும். எஸ் என்றால் அனுப்பியது தப்பு, அல்லது அந்த இடத்திலிருந்து அந்த ஆளுக்கு அனுமதியில்லை.

மைஎஸ்கியூஎல்லில் யூசர் என்பது வெறும் பெயர் இல்லை, பெயரும் இடமும் சேர்ந்தது. பில்லிங் அட் லோக்கல்ஹோஸ்ட் ஒருவர், பில்லிங் அட் 192.168.1.14 வேறொருவர். நம்மூரில் முத்து என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், மேலூர் முத்து என்றால்தான் ஒருவர் வருவார், அது மாதிரி. சர்வரில் நன்றாக நுழையும் பாஸ்வேர்டு கவுன்ட்டரில் 1045 தந்தால் இதுதான் காரணம். கடை நெட்வொர்க் முழுவதற்கும் சேர்த்து 192.168.1.% என்ற இடத்துக்கு ஒரு யூசரை உண்டாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் கிராண்ட், அதாவது அனுமதி, கொடுங்கள். கவுன்ட்டர்களில் ரூட் யூசரைப் போட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; கல்லாப் பெட்டிச் சாவியைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதற்குச் சமம்.

1130 என்றால் அந்த ஐபியிலிருந்து வருகிற யாருக்குமே கணக்கு இல்லை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்கே போகவில்லை. தீர்வு அதேதான். 1049 என்றால் டேட்டாபேஸ் பெயரில் எழுத்துப் பிழை. 1044 என்றால் அந்த டேட்டாபேஸுக்கு உங்களுக்குக் கிராண்ட் இல்லை.

2059 வந்தால், அல்லது காஷிங் ஷா2 பாஸ்வேர்டு என்ற சொற்கள் கண்ணில் பட்டால், சர்வர் புதிது, புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் பழசு. 2018-இல் வந்த 8.0 பதிப்பில் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறையை மாற்றிவிட்டார்கள். யூசரைப் பழைய நேட்டிவ் முறைக்கு மாற்றிவிடு என்ற குறுக்குவழியை எல்லோரும் சொல்வார்கள். 8.4-இல் அந்தப் பழைய முறை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் தூக்கியே விட்டார்கள். டிரைவரை மாற்றிவிடுவதுதான் ஒரேயடியாக முடிகிற வேலை. ஜாவாவில் "பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவுடு" என்று வருவதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கனெக்‌ஷனில் எஸ்எஸ்எல் (குறியாக்கம்) போட்டால் அது எழாது.

ஹோஸ்ட் தெரியவில்லை என்கிறது, ஆனால் ஹோஸ்ட் சரியாக இருக்கிறது

2005 என்றால் பொதுவாக சர்வர் பெயரை ஐபியாக மாற்ற முடியவில்லை. பெயருக்குப் பதில் ஐபியைப் போட்டுப் பாருங்கள், முடிந்தது.

ஐபியைத்தான் போட்டிருக்கிறேன், ஆனாலும் தெரியவில்லை என்கிறதா? பிழைச் செய்தியில் அது எந்த ஹோஸ்ட்டைத் தேடியது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒருமுறை அங்கே மதுரை@192.168.1.10 என்று இருந்தது. பாஸ்வேர்டு மீனாட்சி@மதுரை. கனெக்‌ஷனை யூஆர்எல் வடிவில் எழுதும்போது யூசர் பகுதியையும் ஹோஸ்ட் பகுதியையும் பிரிப்பதே அட் குறிதான். டிரைவர் முதல் அட் குறியில் வெட்டிவிட்டு மீதி எல்லாவற்றையும் ஹோஸ்ட் என்று எடுத்துக்கொண்டது. யூஆர்எல்லில் அட் குறிக்குப் பதில் %40 என்றும், ஹாஷ் குறிக்குப் பதில் %23 என்றும் எழுத வேண்டும். டாட்நெட் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் அட் குறியால் தொல்லையில்லை; அங்கே அரைப்புள்ளிதான் வில்லன், அது இருந்தால் பாஸ்வேர்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

சர்வரைத் தொடுவதற்கு முன்பே விழுந்தால்

ஐஎம்002, "டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்டு" என்றால் விண்டோஸின் பொது டேட்டாபேஸ் இணைப்பு முறையான ஓடிபிசியில் அந்தப் பெயரோ டிரைவரோ கிடைக்கவில்லை. ஐஎம்014 என்றால் டிரைவர் 64 பிட், புரோகிராம் 32 பிட், அல்லது மாறி. பழைய விபி6 பில்லிங் மென்பொருள்கள் இன்னும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை எல்லாம் 32 பிட். அவற்றுக்கு 32 பிட் டிரைவர் போட்டு, 32 பிட் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரில்தான் டிஎஸ்என் (அந்த டேட்டா சோர்ஸ் நேம்) உண்டாக்க வேண்டும். இதில் விண்டோஸ் செய்து வைத்திருக்கும் வேடிக்கை ஒன்று: 64 பிட் அட்மினிஸ்ட்ரேட்டர் இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில், 32 பிட் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். பெயரை நம்பிப் போனால் தலைகீழாகத்தான் முடியும்.

ஜாவாவில் "நோ சூட்டபிள் டிரைவர்" என்றால் ஜார் ஃபைல் கிளாஸ்பாத்தில் இல்லை, அல்லது யூஆர்எல்லின் முதல் சொல்லில் எழுத்துப் பிழை. "இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்" என்ற டைம்ஸோன் தெரியவில்லை என்று கோபித்துக்கொண்டால் அது மைஎஸ்கியூஎல்லின் ஜாவா டிரைவரான கனெக்டர் ஜே 8-இன் ஆரம்பகாலப் பதிப்பு. யூஆர்எல்லில் சர்வர்டைம்ஸோன் என்பதற்கு ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்துவிடுங்கள்.

எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு

எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் வெளியிலிருந்து கனெக்ட் ஆகவில்லை என்றால் முதல் காரணம், டிசிபி/ஐபி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருப்பது. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் எனேபிள் செய்து சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். எர்ரர் 26 வந்தால் இன்ஸ்டன்ஸ் (ஒரே மெஷினில் தனிப் பெயரில் ஓடும் எஸ்கியூஎல் சர்வர்) பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிரவுசர் சர்வீஸ் ஓட வேண்டும், யூடிபி 1434 திறந்திருக்க வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்றால் அந்த இன்ஸ்டன்ஸுக்கு ஒரு நிலையான போர்ட் கொடுத்து, ஐபிக்குப் பின் காற்புள்ளி போட்டு அதை எழுதிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். 18456 என்றால் லாகின் தோல்வி. நம் திரையில் ஸ்டேட் 1 என்று மட்டும்தான் காட்டும். உண்மைக் காரணம் சர்வரின் எர்ரர் லாகில் வேறு எண்ணாக இருக்கும். 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு, 5 என்றால் அப்படி ஒரு யூசரே இல்லை, 58 என்றால் விண்டோஸ் லாகின் மட்டும் அனுமதிக்கும்படி வைத்திருக்கிறீர்கள்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இரண்டு பூட்டு. எந்தப் பக்கம் கேட்பது என்று சொல்லும் லிசன் அட்ரஸஸ் என்பது இயல்பாக லோக்கல்ஹோஸ்ட், அதாவது தனக்குள் மட்டும். அதை மாற்றினால் சர்வீஸை முழுக்க நிறுத்தித் தொடங்க வேண்டும். "நோ பிஜி எச்பிஏ கான்ஃப் என்ட்ரி" என்று வந்தால் முதல் பூட்டைத் தாண்டிவிட்டீர்கள். யார் எங்கிருந்து நுழையலாம் என்று எழுதி வைக்கும் அந்த பிஜி எச்பிஏ கான்ஃப் ஃபைலில் கடை நெட்வொர்க்குக்கு ஒரு வரி சேர்த்து ரீலோட் கொடுத்தால் போதும். எந்த ஐபி, எந்த யூசர், எந்த டேட்டாபேஸ் என்று செய்தியிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து அப்படியே வரியை எழுதலாம்.

காலையில் முதல் பில் மட்டும் போகவில்லை

இந்தப் புகார் மாதத்துக்கு ஒன்றாவது வரும். "ராத்திரி நல்லா இருந்துச்சு. காலையில முதல் பில்லு போடும்போது எர்ரர். மூடித் தொறந்தா சரியாயிடுது." 2006, "சர்வர் ஹேஸ் கான் அவே" என்று வரும். 8.0.24 முதல் வந்த பதிப்புகளில் 4031 என்ற எண்ணோடு, வேலை இல்லாததால் சர்வர் துண்டித்தது என்று தெளிவாகவே சொல்லும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் வெயிட் டைம்அவுட் (சும்மா கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்ற செட்டிங்) இயல்பாக 28,800 நொடி, அதாவது எட்டு மணி நேரம். கடை இரவு ஒன்பதரைக்கு அடைக்கிறார்கள், காலை எட்டுக்குத் திறக்கிறார்கள். பத்தரை மணி நேரம். புரோகிராமை மூடாமல் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். விடிகாலை ஐந்தரைக்கு சர்வர் அந்தக் கனெக்‌ஷனை அறுத்துவிட்டது, புரோகிராமுக்கு அது தெரியாது. எட்டு மணிக்கு முதல் பில்லை அறுந்த கயிற்றில் கட்டி இழுக்கிறது. ஞாயிறு அரை நாள் மட்டும் திறக்கும் கடைகளில் திங்கட்கிழமைதோறும் இந்தப் புகார் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வெயிட் டைம்அவுட்டைக் கூட்டிவிடுவது சுலபம்தான். எனக்கு அது பிடிக்காது; நோயை ஒளித்து வைப்பது. பில் சேமிக்கும் நேரத்தில் கனெக்‌ஷன் திறந்து, முடிந்ததும் மூடிவிடும்படி புரோகிராமை மாற்றுங்கள். பூல் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து மறுபடி மறுபடி கொடுக்கும் ஏற்பாடு) இருந்தால் எடுத்துக் கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்க்கும் செட்டிங்கைப் போடுங்கள்.

இதே 2006 பகலில், படம் ஏற்றும்போது மட்டும் வந்தால் காரணம் வேறு. சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையில் ஒவ்வொரு சேலையையும் போனில் படமெடுத்து டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டார்கள். சின்னப் படம் ஏறும், பெரிய படம் ஏறாது. சர்வர் 5.7. அதில் மேக்ஸ் அலவுடு பாக்கெட் (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அளவு) இயல்பாக 4 எம்பி, 8.0-இல் 64 எம்பி. அளவைக் கூட்டினோம். ஆனால் படத்தை ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் டேபிளில் வைப்பதுதான் உருப்படியான வழி என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

சாயங்காலம் மட்டும் திணறுகிறது

1040, "டூ மெனி கனெக்‌ஷன்ஸ்". இயல்பான உச்சவரம்பு 151. நாலு கவுன்ட்டர் கடையில் 151 எப்படி நிரம்பும்? நிரம்பாது. யாரோ திறந்ததை மூடவில்லை. சர்வரில் ரூட்டாக நுழைந்து, ஷோ பிராசஸ்லிஸ்ட் அடியுங்கள். உச்சவரம்புக்கு மேல் ஓர் இடம் நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதால் நுழைய முடியும். கவுன்ட்டர்களில் ரூட் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம், இந்த இடத்தையும் அவை தின்றுவிடும். பட்டியலில் வரிசையாக ஸ்லீப், ஸ்லீப், ஸ்லீப் என்று இருக்கும். டைம் பத்தியில் ஆயிரக்கணக்கான நொடிகள். ஹோஸ்ட் பத்தியைப் பாருங்கள், எல்லாம் ஒரே கவுன்ட்டராக இருக்கும். அந்தக் கவுன்ட்டரில் மட்டும் பயன்படுத்தும் ஸ்க்ரீன் எது என்று கேளுங்கள்.

நான் பார்த்ததில், சரக்குத் திருப்பி எடுக்கும் ஸ்க்ரீன்தான் அது. எண் தப்பாக அடித்தால் பிழை காட்டிவிட்டு வெளியேறும் வழியில் கனெக்‌ஷனை மூடும் வரி இல்லை. நல்லபடியாக முடிந்தால் மூடும், தடுக்கி விழுந்தால் மூடாது. டாட்நெட்டில் யூசிங், ஜாவாவில் ட்ரை வித் ரிசோர்சஸ் என்று எழுதினால் எந்த வழியில் வெளியேறினாலும் மூடிவிடும். உச்சவரம்பை 500 ஆக்கினால் சாயங்காலம் வரும் தொல்லை மறுநாளுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டாட்நெட்டில் சர்வர் வரை போகாமலேயே இது வெடிக்கும். பூலின் இயல்பான அளவு 100. அது தீர்ந்தால் பூலிலிருந்து கனெக்‌ஷன் கிடைக்கும் முன் நேரம் முடிந்தது என்ற நீளமான செய்தி வரும். டைம்அவுட் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ரௌட்டரை அணைத்துப் போடாதீர்கள். பூல் என்ற சொல்லையும் பாருங்கள்.

கனெக்ட் ஆகிவிட்டது, ஆனால் தமிழ் வரவில்லை

பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து இரண்டு வகை.

தலையில் கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வந்தால் பிழைத்தோம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, அதை ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று நினைத்துப் படித்தால் அந்தக் கோடு போட்ட ஏ-யாகத் தெரியும். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கிற கண்ணாடிதான் தப்பு. கனெக்‌ஷனில் கேரக்டர் செட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். சேமிக்கும்போதே தப்பாகப் போயிருந்தால் டேபிளையும் மாற்ற வேண்டியிருக்கும். பேக்கப் எடுத்துவிட்டு நிதானமாகச் செய்யலாம்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் சேமிக்கப்பட்டிருப்பதே கேள்விக்குறியா என்று பாருங்கள். ஹெக்ஸ் ஃபங்ஷனில் டேபிளின் அந்தப் பத்தியைப் போட்டுப் பார்த்து, 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால் தமிழ் எழுத்து உள்ளே போகவே இல்லை. 5.7 வரை சர்வரின் இயல்பான கேரக்டர் செட் லத்தீன்1 என்பதால் பழைய இன்ஸ்டால்களில் இது சகஜம். செட்டிங்கைச் சரிசெய்தால் இனி அடிப்பது சரியாக வரும், போனது போனதுதான். பழைய பேக்கப்பில் இருந்தால் எடுக்கலாம். தெப்பக்குளம் பக்கம் ஒரு நாட்டுமருந்துக் கடையில் பேக்கப்பிலும் கேள்விக்குறிதான் இருந்தது. கடைப் பையன் அலமாரியிலிருந்து டப்பாவை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சொல்ல, அதிமதுரத்தில் தொடங்கி வசம்பு வரை நான் அடித்து முடிக்க இரண்டு ராத்திரி ஆனது.